பிடிக்காத அளவை மட்டும் மறுபடி அளப்பவர்

நீங்கள் ஒரு தரம் அளந்தால் அவர் மூன்று தரம் அளப்பார். நீங்கள் மூன்று தரம் அளந்துவிட்டு வந்து நின்றால், "கையைத் தொடச்சியா?" என்று கேட்டு, நாலாவது தரம் தானே அளப்பார். அடடா, எத்தனை பொறுப்பான மனிதர் என்று மெச்சத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த ஆசாமியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அவர் எல்லா அளவையும் மறுபடி அளப்பதில்லை. தனக்குப் பிடிக்காத அளவை மட்டும்தான் மறுபடி அளப்பார். பிடித்த அளவு முதல் தரத்திலேயே வந்துவிட்டால் அது வேதவாக்கு. எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொள்வார்.

இவரை எங்கே பார்க்கலாம்? எங்கே பார்க்க முடியாது என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு இருப்பார். வரைபடத்தில் பதினெட்டுப் புள்ளிகள் கோட்டின் மேல் சமர்த்தாக உட்கார்ந்து இரண்டு மட்டும் விலகி நின்றால், அந்த இரண்டும் ஏன் விலகின என்று மூன்று நாள் துருவித் துருவி விசாரிப்பார். மற்ற பதினெட்டையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். தோட்டத்து ஆபீஸில் மழைமானிக்குப் பக்கத்தில் இருப்பார். தான் நினைத்ததைவிட மழை குறைவாகக் காட்டினால் குழாயில் ஓட்டை, கூடக் காட்டினால் பனை மட்டையிலிருந்து சொட்டியிருக்கிறது. தான் நினைத்த அளவே காட்டினால்? அப்போது குழாய் அருமையான குழாய்.

எனக்கு மிக நன்றாகத் தெரிந்தவர் நாகமுத்து. மலேசியாவில், மலாக்கா டவுனுக்குப் பக்கத்து ஊரான பத்து பெரண்டாமில், தண்ணீர்ப் பம்புகளுக்கு எஃகு வளையம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை சூப்பர்வைசர். நான் சேகரன், அங்கே ஸ்டோர் பார்க்கிறேன். என் மேஜைக்கும் அவர் அளவு பார்க்கிற கேஜ் ரூமுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புத்தான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் சிரித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் பத்தொன்பது வருஷமாக நான் குனிந்து சிரிக்கப் பழகியிருக்கிறேன்.

காலை ஏழு பத்துக்கு வருவார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. உள்ளே நுழைந்ததும் குளிரூட்டும் ஏர்கானைப் பார்ப்பார், பிறகு விளக்கைப் பார்ப்பார், பிறகு நேற்று ராத்திரி ஷிப்டில் யார் வந்தார்கள் என்று சந்தேகத்தோடு நாற்காலியைப் பார்ப்பார். ஒரு வளையத்தின் அளவு அவர் எதிர்பார்த்தபடி வரவில்லை என்றால் குற்றவாளிகளை வரிசையாகக் கூப்பிடுவார்: முதலில் அளந்தவன் கை, அப்புறம் துடைத்த துணி, அப்புறம் மின்சாரம், அப்புறம் புதிதாக வந்த எண்ணெய், எல்லாரும் தப்பித்துவிட்டால் அளந்தவனுடைய காலைச் சாப்பாடு. "நாசி லெமாக் சாப்புட்ட கையோட கேஜத் தொட்டியா? நெஜத்தச் சொல்லு!" பாவம், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டுத்தான் இருப்பான். பத்து பெரண்டாமில் காலையில் வேறு எதைச் சாப்பிடுவது? குற்றவாளிகளின் வரிசை எவ்வளவு நீண்டாலும் நாகமுத்து என்ற பெயர் மட்டும் அதில் வராது. "இருபத்தாறு வருஷ சர்வீஸ் லா!" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொல்வார். விசாரணை முடிந்தது.

மேலே சொல்லுமுன் அந்த டயல் கேஜைப் பற்றி இரண்டு வார்த்தை. பயப்படாதீர்கள், எனக்கே புரிந்த விஷயம்தான். அந்தக் கேஜுக்குச் சொந்த புத்தி கிடையாது. 'மாஸ்டர்' என்று ஒரு சின்ன எஃகுக் கட்டை இருக்கிறது, சரியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம். காலையில் அதைக் கேஜுக்கு அடியில் வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவார்கள். பிறகு அதே இடத்தில் வளையத்தை வைத்தால், மாஸ்டரைவிடக் கனம் கூடவா குறைவா என்று முள் காட்டும். மாஸ்டர் சரியாக இருந்தால் எல்லாம் சரி. சரி, மாஸ்டரை யார் அளப்பது? வருஷத்துக்கு ஒரு தரம் வெளியிலிருந்து ஆள் வருவார். மற்ற நாளெல்லாம் அது தெய்வம்.

தெய்வம் என்று நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு மேனேஜர் ஒரு மணி நேரம் விடுவார். ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை, அரைக்கும் இயந்திரங்களுக்குத் திருநீறு, லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். இந்த வருஷம் நாகமுத்துவுக்குப் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம், எல்லாவற்றுக்கும் மூலமான மாஸ்டருக்கு வைக்காவிட்டால் எப்படி? பெட்டியைத் திறந்து, பட்டுத்துணியில் கிடந்த மாஸ்டரை எடுத்து, கண்ணில் ஒற்றி, சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். வேறு யாராவது வைத்திருந்தால் ஓரமாக எங்காவது வைத்திருப்பார்கள். இவர் துல்லியமான மனிதர். கேஜ் முனை தொடுகிற நடு மையத்தில் வைத்தார். சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான்தான். "அம்சமா இருக்குண்ணே" என்று சொன்னவனும் நான்தான்.

மறுநாள் காலை விதிப்படி மாஸ்டரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுத் தாளில் டிக் போட வேண்டும். டிக் போட்டார். துடைக்கத்தான் மனசு வரவில்லை. சாமிக்கு வைத்த பொட்டு தானாக உதிரட்டும், நாமாக அழிக்கக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள் இல்லையா? பஞ்சால் மேலாக ஒற்றினார். குங்குமம் போய்விட்டது. சந்தனம் காய்ந்து, மெல்லிய ஏடாக அங்கேயே தங்கிவிட்டது. அரைத் தலைமுடி கனம் இருக்கும்.

அரை முடிதானே என்று சொல்லாதீர்கள். எங்கள் வளையம் கூடவோ குறையவோ போவதற்கு அனுமதித்திருப்பதே கால் முடிதான். மாஸ்டர் பொட்டோடு நிமிர்ந்து நின்றதால், அன்று முதல் நல்ல வளையங்களெல்லாம் அரை முடி மெலிந்துபோனதாக அந்தக் கேஜ் காட்டத் தொடங்கியது.

இனிமேல்தான் நம் ஆசாமியின் திருவிளையாடல். முதலில் வந்தது அரைக்கும் மெஷின் ஓட்டுகிற கணேஸ்வரனுடைய வளையம். கணேஸ்வரன், எங்கள் வாயில் கணேசன், பழைய ஆள். வணக்கம் சொல்லாமல் நாகமுத்துவைத் தாண்டிப் போக மாட்டான். முள் மெலிசு என்று காட்டியது. "கணேசன் பீஸா? சான்ஸே இல்ல லா" என்று சொல்லிக்கொண்டே கேஜை ஒதுக்கிவிட்டு, கையால் திருகி அளக்கிற மைக்ரோமீட்டரை எடுத்தார். அதற்கு மாஸ்டர் தேவையில்லை, பொட்டும் கிடையாது. அளவு கச்சிதமாக இருந்தது. அதை எழுதினார். அடுத்த மெஷின் வளையமும் மெலிசு. மறுபடி மைக்ரோமீட்டர். சரியாக இருந்தது, எழுதினார். அதற்கடுத்து, புதிதாகச் சேர்ந்த மலர்க்கொடியின் வளையம். மெலிசு.

"பாத்தியா! நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று கண்ணாடி வழியாக என்னிடம் கத்தினார். மைக்ரோமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொடவே இல்லை. தட்டில் கழிவு என்று சிவப்பு லேபிள் ஒட்டினார்.

'அன்றைக்கு' என்றாரே, அது பத்து மாதத்துக்கு முந்தைய கதை. மலர்க்கொடி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு தட்டு வளையத்தைத் தரையில் கொட்டிவிட்டாள். பதற்றம்தான், வேறென்ன? அன்றே நாகமுத்து தீர்ப்பு எழுதிவிட்டார்: இந்தப் பெண்ணுக்குக் கை நிற்காது. பத்து மாதமும் அவள் வளையங்கள் சரியாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுளித்துக்கொண்டு மறுபடி மறுபடி அளந்தார். அப்போதும் சரியாக வந்தால் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். இப்போது முதல் தடவையாக, கேட்காமலே அவருக்குப் பிடித்த விடை வந்திருக்கிறது. அதைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா? நாலு நாளில் ஏழு தட்டு சிவப்பு லேபிள்.

மலர்க்கொடிக்கு அது விளையாட்டில்லை. ஒப்பந்த வேலையில் பதினோராவது மாதம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் நாகமுத்து ஒரு தாளில் 'தகுதி' என்றோ 'தகுதியில்லை' என்றோ எழுதி மேலே அனுப்ப வேண்டும். தகுதி என்றால் நிரந்தர வேலை. இல்லையென்றால் மாதக் கடைசியோடு போய்விடலாம். அவள் வீடு தொலைவில், நியாலாஸ் பக்கம். விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும்போது ஆறு வயசு மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பும்போது பாதி நாள் மறுபடி தூங்கியிருப்பாள். வேலை நிரந்தரமானால் இங்கேயே பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வீடு பார்த்து, ஜனவரியில் மகளை இங்கே பள்ளியில் சேர்த்து, காலையில் தன் கையால் தலைவாரி அனுப்பலாம் என்று பேசிவைத்திருந்தாள். சிவப்பு லேபிள்களை எண்ணிக்கொண்டே அவள் நடந்து போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை டீ நேரத்தில் கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணேஸ்வரன், ரொட்டியைக் கறியில் தோய்த்துக்கொண்டு.

"கம்மியா காட்டுனா என்னக்கா? என்னுதும்தான் இந்த வாரம் பூரா கம்மியா காட்டுது" என்றான் சாவகாசமாக.

அவள் கோப்பையை வைத்தாள். "ஒன்னுதுமா? அப்பறம் எப்புடிப் பாஸாவுது?"

"அண்ணன் மைக்ரோமீட்டர எடுத்துருவாருல்ல. அதுல ஓகேதான்."

"எனக்கு ஏன் எடுக்கல?"

கணேஸ்வரன் ரொட்டியைப் பார்த்தான். நான் என் தே ஓவை, பாலில்லாத டீயை, பார்த்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டோருக்கு வந்து, போன மாதம் பாஸான தன் வளையம் ஒன்று சாம்பிள் அலமாரியில் இருக்கும், கொடுங்கள் என்றாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். கணேஸ்வரனிடம் இந்த வாரம் பாஸானதில் இரண்டு வாங்கினாள். தன் சிவப்பு லேபிள் தட்டிலிருந்து ஒன்று எடுத்தாள். நாலையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, யாருடையது என்று சீட்டில் எழுதி, சீட்டை மடித்து உள்ளே வைத்தாள். பதினொன்றே காலுக்குக் கேஜ் ரூமுக்குள் போனாள். நான் வேலையை விட்டுவிட்டுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டேன். எஞ்சினியர் ஆதிலாவும் அப்போதுதான் அந்தத் தகுதித் தாளை வாங்கிப்போக வந்து நின்றாள். மலாக்கா டவுனில் பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"பேப்பர்தான் எழுதிக்கிட்டு இருக்கேன் மலரு" என்றார் நாகமுத்து. "மனசுல வச்சுக்காத. ஒனக்கு இந்த லைன் செட்டாகல, அவ்வளவுதான்."

"சரிண்ணே. இந்த நாலையும் மட்டும் அளந்து சொல்லிட்டு எழுதுங்க."

"யாரு பீஸு?"

"அளங்கண்ணே. அப்பறம் சொல்றேன்."

"அட, யாரு பீஸுன்னு சொல்லாம எப்புடி அளக்குறது?"

இந்தக் கேள்வியைத் தயவுசெய்து இன்னொரு தரம் படியுங்கள். இருபத்தாறு வருஷ சர்வீஸும் அதற்குள் இருக்கிறது. ஆதிலா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஏன் அங்கிள், அளக்குறதுக்குப் பேரு வேணுமா?" என்றாள், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி.

நாகமுத்து முணுமுணுத்துக்கொண்டே முதல் வளையத்தை வைத்தார். மெலிசு. கை மைக்ரோமீட்டரை நோக்கிப் பாதி தூரம் போயிற்று; யாருடையது என்று தெரியாததால் நடுவழியில் நின்றது; திரும்பி வந்தது. அந்தக் கை தவித்த தவிப்பை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். இரண்டாவது மெலிசு. மூன்றாவது மெலிசு. நாலாவதும் மெலிசு. நாலும் ஏறக்குறைய ஒரே அளவு மெலிசு. அவர் முகம் மலர்ந்தது.

"நாலும் ஒன்னுதுதான்! என்னைய டெஸ்ட் பண்றியா? இதுக்குத்தான் அனுபவம்னு பேரு."

மலர்க்கொடி சீட்டுகளைப் பிரித்து மேஜையில் வைத்தாள். "இது ரெண்டும் கணேசன் பீஸு, நீங்க செவ்வாக்கெழம பாஸ் போட்டது. இது போன மாசத்து என்னுது, நீங்களே சைன் வச்சுருக்கீங்க. இதுதான் செகப்பு லேபிளு." சீட்டைப் பிரித்த கை நடுங்கவில்லை.

நாகமுத்து சீட்டுகளைப் பார்த்தார். ஏர்கானைப் பார்த்தார். "இந்தக் குளிருக்கு இரும்பு சுருங்கும்மா" என்றார்.

"எல்லாமே ஒரே அளவு கம்மின்னா, தப்பு பீஸ்ல இருக்காது அங்கிள்" என்றாள் ஆதிலா. "மாஸ்டரப் பாக்கலாமா?"

"மாஸ்டரையா?" பெற்ற தாயைப் பற்றி யாரோ தப்பாகப் பேசிவிட்ட மாதிரி எழுந்துவிட்டார். "மாஸ்டர் தெனமும் காலைல என் கையால செக் பண்றது! டிக்கு இருக்கு பாரு!"

டிக் இருந்தது. ஆதிலா மாஸ்டரை எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். "மேல என்னமோ ஒட்டியிருக்கே. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிரவா?"

"தொடைக்காத! அது பொட்டும்மா!"

சொல்லிவிட்டார். சொன்ன வார்த்தை அறையெல்லாம் சுற்றிவிட்டு அவர் காதுக்கே திரும்பி வந்தது போலிருக்கிறது, அப்படியே நின்றார். நெற்றித் திருநீறு வேர்வையில் கரையத் தொடங்கியது, அந்த ஏர்கானிலும். நான்கூட அன்று குனிந்து சிரிக்கவில்லை. பிறகு அவர் ஆதிலாவின் கையிலிருந்து மாஸ்டரை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தானே துடைத்தார். பஞ்சு மஞ்சளாயிற்று. முள்ளைப் புதிதாகப் பூஜ்யத்தில் நிறுத்தி, நாலு வளையத்தையும் மறுபடி வைத்தார். நாலும் சரியாக இருந்தன. சிவப்பு லேபிள் வளையம்தான் நாலிலும் கச்சிதமாக இருந்தது.

மணி பதினொன்று ஐம்பது. நாகமுத்து தாளில் 'தகுதி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆதிலாவிடம் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றார். மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்காதீர்கள். இந்த இனத்துக்கு அந்தச் சொல் தொண்டையில் ஏறாது. "மலரு, அந்த ஏழு தட்டையும் கொண்டா. திரும்ப அளக்கணும்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொண்டாறேண்ணே. கூட மத்த மெஷினு தட்டும் கொண்டாறேன். பேர மறைச்சுத்தான் வைப்பேன்" என்றாள்.

அவர் முறைத்தார். ஆனால் சரி என்றார்.

சாயந்திரம் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. 'தவறுக்கான மூல காரணம்' என்ற கட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'சந்தனத்தின் தரம் திருப்தியாக இல்லை' என்று எழுதினார். "அசல் சந்தனமா இருந்தா காஞ்சதும் உதிர்ந்திருக்கும் லா" என்று என்னிடம் விளக்கமும் சொன்னார். ஆதிலா அதை அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னதாகக் கேள்வி. மலர்க்கொடி இப்போது பக்கத்துத் தாமானில்தான் இருக்கிறாள். அவள் மகள் தினமும் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்குப் போகிறாள்.

நாகமுத்துவைப் பார்த்து நன்றாகச் சிரித்துவிட்டோம். நானாவது யோக்கியனா? நாலு நாளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கணேஸ்வரனுக்கு மைக்ரோமீட்டர், மலர்க்கொடிக்கு சிவப்பு லேபிள் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஏன் உறைக்கவில்லை? அவள் தட்டைக் கொட்டியதை நானும் பார்த்திருந்தேனே, அதனால்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் இவ்வளவு நேரம் யார் முகத்தை நினைத்துக்கொண்டு படித்தீர்கள்? ஆபீஸ் பெரியவரா, மைத்துனரா? இருக்கட்டும். போன வாரம் ரத்த அழுத்தம் பார்க்கக் கிளினிக்குக்குப் போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நர்ஸ் மிஸ்ஸி உங்கள் கையில் பட்டையைச் சுற்றி, நூற்று ஐம்பத்தெட்டு என்றார். "வெயில்ல நடந்து வந்தேன் மிஸ்ஸி, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு இன்னொரு தடவ பாக்கலாமா?" என்றீர்கள். நூற்று நாற்பத்தாறு. "மூச்ச நல்லா இழுத்து விட்டுக்குறேன், இன்னும் ஒரே தடவ." நூற்று முப்பத்திரண்டு. "ஆங், இதுதான் சரி, இத எழுதிக்கோங்க" என்று எழுந்துவிட்டீர்கள். வெயிலில் நடந்தவர் உட்கார்ந்து பார்ப்பது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தின தடவை முதல் அளவிலேயே நூற்று இருபது வந்ததே, அன்றைக்கும் அதே வெயிலில்தானே நடந்து போனீர்கள்? அன்றைக்கு ஏன் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லவில்லை?